ரஜ்ஜுவில் நின்ற கம்ப்யூட்டர்

சாமி பெயர் எழுத இடம் போதாது என்று ஒரு நிலைமை வரும் என யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். லீவு லெட்டராக இருந்தாலும் சரி, குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிப் போடுகிற புகார்ச் சீட்டாக இருந்தாலும் சரி, தலையில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'முருகன் துணை', அதற்கப்புறம்தான் விஷயம். நெய்வேலிச் சுரங்கத்து ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தபோது ஒரு புது ஆபீசர், நான் எழுதிய சீட்டில் இருந்த 'உ'வைக் காட்டி, இது எந்த மெஷினுக்கு உண்டான பார்ட் என்று கேட்டார். எல்லா மெஷினுக்கும் உண்டானது சார் என்றேன். (அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.)

"சாமி பேரை எங்கதான் விட்டு வைப்பீங்க? பாத்ரூம் பக்கெட்ல மட்டும்தான் இன்னும் எழுதல" என்பாள் என் மனைவி கமலா. குறிஞ்சிப்பாடிக்காரி. மனதில் பட்டதை மறைத்துப் பேசத் தெரியாது.

எனக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு தங்கை செல்வியை நெய்வேலிக்கே கூட்டி வந்து எங்களோடு வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு கல்யாணம் செய்து வைப்பதுதான் அப்போது என் தலைமேல் இருந்த ஒரே பாரம். வந்த ஜாதகமெல்லாம் ஏதாவது ஒன்றில் இடித்துத் திரும்பிப் போயின. அவளுக்கோ இருபத்தாறு முடிந்துவிட்டது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, மெயின் பஜார் பக்கம் இருந்த இன்ஸ்டிட்யூட்டிலேயே காலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போதுதான் குமரவேலின் ஜாதகம் வந்தது. சுரங்கத்தில் ஃபிட்டர், பெர்மனென்ட் ஆனவர். பெற்றோர் சேத்தியாத்தோப்பில் நெல் விவசாயம். நல்ல பிள்ளை. காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் அதே இன்ஸ்டிட்யூட்டுக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தார். (ஃபிட்டருக்கு எதற்கு டைப்ரைட்டிங் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆர்வமுள்ள பையன் என்று கமலாவிடம் பாராட்டிச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.)

பெண்ணுக்குச் சுவாதி, பையனுக்கு அஸ்தம். குறிஞ்சிப்பாடி ஜோசியர் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே கழுத்து ரஜ்ஜு, கட்டினால் பெண்ணுக்கு ஆயுசு குறை, வேண்டவே வேண்டாம் என்றார். பையன் வீட்டார் குள்ளஞ்சாவடி ஜோசியரிடம் போனார்கள். அவரோ, ஒன்று ஏறுமுகம் ஒன்று இறங்குமுகம், தோஷமில்லை, தாராளமாகச் செய்யலாம் என்றார். மற்றப் பொருத்தங்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ரஜ்ஜு ஒன்றில் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது குமரவேல்தான் ஒரு யோசனை சொன்னார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பேசாம கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துடலாம்."

அவர் அப்பாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. "சரிதான்டா. அதுக்குப் பொண்ணு வூடும் சொந்தமில்ல, மாப்ள வூடும் சொந்தமில்ல. அது சொல்றத ஒத்துக்குவோம். இல்லன்னு சொன்னா இல்லதான், அப்பறம் யாரும் பேசக் கூடாது."

எங்கள் பக்கம் அப்போது வெளியாள் பார்க்கக் கிடைத்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று, அதே இன்ஸ்டிட்யூட்டில் இருந்தது. இன்ஸ்டிட்யூட்டை நடத்திய ராஜரத்தினம் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. பார்த்தால் சின்ன டைப்ரைட்டரின் மேல்பாகத்தை வெட்டி எடுத்த மாதிரி ஒரு பெட்டி. ஒரு வயர் டிவிக்குப் போகும், ஒரு வயர் டேப் ரெக்கார்டருக்குப் போகும். எழுதியதைப் பாட்டு மாதிரி கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். அதில் பேசிக் என்ற பாஷையில் எழுத வேண்டும். மாஸ்டர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமையானவர். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார்.

"இந்தப் பெட்டிக்கு பேசிக்கெல்லாம் தெரியாதுங்க. பேசிக் தெரிஞ்ச இன்னொரு மெஷின் தனக்குள்ள இருக்கற மாதிரி அது ஒரு பாவனை பண்ணிக்குது. நம்ம பேச்சுவார்த்தை எல்லாம் அந்த உள்மெஷின்கூடத்தான். அதுக்குன்னு கொஞ்சம் இடம் அளந்து விட்டிருக்காங்க. எழுதறது, கணக்குப் போடறது எல்லாம் அந்த இடத்துக்குள்ளதான் புழங்கணும்."

"நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி."

"அதேதானுங்க. டவுன்ஷிப் எத்தனை பெருசா இருந்தா என்ன, உங்களுக்கு ஒரு ஹாலு, ஒரு ரூமு."

கூட்டுக்குள்ளே உயிர் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலிருக்கிறது என்று எனக்கு மெய்சிலிர்த்தது. அளந்து விட்ட இடம் என்ற பகுதி காதில் விழுந்தது, மனதில் தங்கவில்லை.

பஞ்சாங்கத்தில் இருந்த பொருத்த விதிகளை நான் படிக்கப் படிக்க, செல்வி தட்டினாள். அவள் தட்டுவதைப் பார்த்தால் கை தனியாக, அவள் தனியாக இருப்பது போல இருக்கும். பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். "முதல்லயே தொடங்காதே. சாமிக்கு முன்னாடி இடம் விடு" என்றேன். அவள் மறுபேச்சில்லாமல் ஆயிரத்திலிருந்து ஆரம்பித்தாள். விதிக்கு மேல் விதிவிலக்கு, விலக்குக்கு மேல் இன்னொரு விலக்கு என்று பஞ்சாங்கம் போய்க்கொண்டே இருந்தது. முடித்தபோது அது செல்விக்கும் குமரவேலுக்கும் என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது. அவர்கள் நட்சத்திரங்களைப் போட்டுப் பார்க்கவும் இல்லை. அது பரீட்சைத் தாளை முதல் நாளே பிரிப்பது மாதிரி. என் நட்சத்திரத்தையும் கமலா நட்சத்திரத்தையும் போட்டோம். பத்துக்கு நாலு என்று வந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். "எந்த நாலுன்னு கேட்டுக்கினு வந்தீங்களா? அதையாவது ஒழுங்கா வச்சிக்கலாம்" என்றாள் கமலா.

சாமிக்கு விட்ட இடம் காலியாகவே கிடந்தது. அதை எப்படி நிரப்புவது என்று மாஸ்டரைக் கேட்டேன். "ரெம்னு போட்டு எழுதுங்க. குறிப்பு மாதிரி. ரெம்னு பாத்தா மெஷின் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போயிடும்" என்றார். படிக்காது என்றால் அதற்கு ஒரு சிரமமும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த அனுமானங்களிலேயே மோசமானது அதுதான்.

பையன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம், செல்வி இல்லாத நேரமாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு 'முருகன் துணை' போட்டுவிட்டு எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் தங்கச்சி கல்யாணம். ஒரு வரி போதுமா என்று தோன்றியது. ஒற்றை விரலால் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்திலே, முருகனுக்கு நூற்றெட்டுப் போற்றியும் அடித்தேன். முதல் வரியில் ஓம் சரவணபவா போற்றி. நம்பர் ஒன்றிலிருந்து நூற்றெட்டு வரை வரிக்கு ஒரு நாமம். சாயங்காலமாகிவிட்டது. முதுகு விட்டுப் போயிற்று. பிறகு, பொருத்த விதிகளைப் பதிந்து வைத்திருந்த அதே கேசட்டில், பழைய பதிவின் மேலேயே பதிந்தேன். சாமி இல்லாத பதிவு எதற்கு?

ஓட்டிப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சாமி பெயரைச் சேர்த்த பிறகு சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது, சாமியையே சோதிப்பது மாதிரி பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பையன் வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, குமரவேல். எங்கள் பக்கம் நான், கமலா, செல்வி. டைப்ரைட்டர்களுக்கெல்லாம் உறை போட்டு மூடியிருந்தது. நான் டிவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டர் மேல் விபூதியும் போட்டேன். கற்பூரத்தை எடுத்தபோது மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங்க. அது பிளாஸ்டிக்குங்க."

செல்வி பெண் பார்க்க வந்த நாளில் இருக்க வேண்டிய மாதிரி, பட்டுப்புடவையில், தலையைக் குனிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குமரவேல் எதிர் ஓரத்தில், தரையைப் பார்த்தபடி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போல அப்படி ஒரு அடக்கம். எனக்குப் பெருமையாக இருந்தது.

கேசட் ஓட ஆரம்பித்ததும் கீச்சென்று ஒரு சத்தம். "என்னாங்க இது, கழுத்த அறுத்தாப்ல கத்துது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"கேசட்ல இருக்கறது மெஷினுக்குள்ள ஏறுதுங்க. வழக்கமானதுதான்" என்றார் மாஸ்டர். ஏறி முடிந்ததும் பெண் நட்சத்திரம், பையன் நட்சத்திரம் இரண்டையும் அடித்து ஓட்டினார்.

டிவியில் ஒவ்வொரு வரியாக வந்தது. நான் உரக்கப் படித்தேன். தினம், உண்டு. கணம், உண்டு. மகேந்திரம், இல்லை. "அது கெடக்கட்டும், அதுக்கு யாரு அழுதா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. யோனி, உண்டு. ஒவ்வொரு உண்டுக்கும் அவர் தலையாட்டினார். எட்டும் முடிந்தது. ஒன்பதாவது ரஜ்ஜு. நான் கையைக் கூப்பிக்கொண்டேன்.

ரஜ்ஜு என்று வந்தது. பக்கத்தில் உண்டும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. கீழே இங்கிலீஷில் ஒரு வரி வந்து, அதோடு மெஷின் நின்றுவிட்டது. அவுட் ஆஃப் மெமரி.

"என்னா சொல்லுது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

நான் அந்த வரியை இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன்.

"ஏங்க, மத்ததுக்கெல்லாம் கடகடன்னு சொல்லிச்சில்ல. கரெக்ட்டா ரஜ்ஜுக்கு வந்து ஏன் நிக்குது?"

"மெமரி பத்தலைங்க" என்றார் மாஸ்டர்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நல்லதா இருந்தா சொல்லியிருக்கும். கெட்டத எப்பிடிச் சொல்றதுன்னு முழுங்கிக்கினு நிக்குது." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்திருப்பதற்கான துண்டு அது. எழுந்தும் விட்டார். குமரவேல் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். டிவியை அல்ல.

"ஒரு நிமிசம் இருங்க" என்ற மாஸ்டர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லி மெஷினுக்கு உத்தரவு கொடுத்தார். ஓம் சரவணபவா போற்றி. ஓம் கந்தா போற்றி. ஓம் கடம்பா போற்றி. டிவியில் மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு திரை நிறைந்து, மறு திரை நிறைந்து, இன்னும் வந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாருங்க இது, உள்ள?"

"முருகன்" என்றேன்.

"எப்ப வந்தாருங்க?"

"நேத்து மத்தியானம்."

கமலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். துக்கத்தில் இல்லை என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க, ரெம்னு போட்டா மெஷின் படிக்காதுன்னு."

"படிக்காதுங்க. ஆனா வச்சுக்கும்ல? உங்க குவார்ட்டர்ஸுக்கு நூத்தியெட்டுப் பேரு சொந்தக்காரங்க வந்து ஹால்ல படுத்துக்கறாங்க. உங்ககிட்ட ஒரு பேச்சு இல்ல, ஒரு வேலை சொல்லல. ஆனா நீங்க பாய் விரிக்க இடம் இருக்குமா? ரஜ்ஜு பாக்கறப்பதான் மெஷினுக்கு ஒரு பெரிய அட்டவணை போட இடம் வேணும். இடம் இல்ல. நின்னுடுச்சு."

மாப்பிள்ளையின் அப்பா தோளிலிருந்து துண்டை எடுக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். "அப்ப ரஜ்ஜு மேல தப்பில்லையா?"

"இன்னும் பாக்கவே இல்லைங்க. இந்த வரியெல்லாம் எடுத்துட்டா பாத்துடும்."

"சாமி பேரை அழிக்கிறதா? நான் செய்ய மாட்டேன். வேற யாரையும் செய்ய விடவும் மாட்டேன்" என்றேன். இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரு பக்கம் தங்கையின் வாழ்க்கை, இன்னொரு பக்கம் நானே ஒற்றை விரலால் அடித்த நூற்றெட்டு வரி. நடுவில் நான், கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை அதிகம் பேசவில்லை. இப்போது அவர்தான் பேசினார். "அந்தப் பேர ஒவ்வொண்ணா அழிக்கணுமா, ஒரேடியா அழிக்கணுமா?"

"ஒவ்வொண்ணாத்தானுங்க. நம்பரை அடிச்சு என்டர் தட்டணும். ஒரேடியா அழிச்சா ரஜ்ஜும் சேர்ந்து போயிடும்."

"அப்பறம் என்னா? அர்ச்சனைல ஒரு பேரச் சொல்லி ஒரு பூவக் கையிலேந்து வுடறோமில்ல? அந்த மாதிரி சொல்லிக்கினே வுடுங்க. அழிச்சாதான் பாவம். அர்ச்சனை பண்ணினா புண்ணியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அம்மாள் வீட்டில்தான் என் தங்கை வாழ வேண்டும் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். சட்டைப் பையிலிருந்த ஜபமாலையைக் கையில் எடுத்தேன். மாஸ்டர் நாற்காலியில் உட்காரப் போனார்.

"தள்ளுங்க மாஸ்டர், நான் அடிக்கறேன்" என்று செல்வி எழுந்து வந்தாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் இப்படி எழுந்து வருவதை நான் கேள்விப்பட்டதில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஆரம்பித்தோம். மாஸ்டர் ஒவ்வொரு பெயராகப் படித்துச் சொல்ல, எல்லாரும் போற்றி என்போம், செல்வி தட்டுவாள், நான் ஒரு மணி தள்ளுவேன். முதலில் கூச்சமாக இருந்தது. இருபது பெயர் போனதும் சூடு பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவில் போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்று கும்பிட்டார்கள். (டிவிக்குப் பொட்டு வைத்திருந்ததால் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.) பாதி தாண்டிய இடத்தில் மாஸ்டர், "ஓம் குமரவேல் போற்றி" என்றார்.

"அத வுட்டுடும்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று. "அவம் பேரு. அத உன் கையால அழிக்காத. அது ஒண்ணு உள்ள இருந்துட்டுப் போவட்டும்."

செல்வி தலையை ஆட்டிவிட்டு அடுத்த நம்பருக்குப் போனாள். காது நுனி சிவந்திருந்தது. குமரவேல் மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசிப் பெயர் போயிற்று. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். நான் மாலையைப் பார்த்தேன். ஒரு மணி மிச்சம் இருந்தது. ஒரு பெயரை விட்டுவிட்டதால் தட்டியது நூற்றேழுதான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"ஒண்ணு குறையுதே" என்றேன்.

"குறையக் கூடாதுண்ணே" என்றாள் செல்வி. திரும்பாமலே இன்னொன்று தட்டி, என்டரையும் தட்டினாள். நான் கடைசி மணியைத் தள்ளி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அர்ச்சனை பூர்த்தியானதில் எனக்குப் பரம திருப்தி.

மாஸ்டர் ஓட்டினார். தினம், கணம் எல்லாம் முன்போலவே வந்தன. ரஜ்ஜு என்று வந்தது. மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு, உண்டு.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ பேர் சொன்னப்பறம் எப்பிடி இல்லன்னு சொல்லும்" என்றார். அவர் மனைவி பையிலிருந்து பூவை எடுத்துச் செல்வி தலையில் வைத்தார். கமலா எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள்.

"இதை கேசட்ல பதிஞ்சு வச்சுக்கலாங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வேண்டாம் மாஸ்டர், வேலைதான் முடிஞ்சிருச்சே" என்று செல்வி சுவிட்சை அணைத்துவிட்டாள். அந்த மாதிரி மெஷினில் அணைத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். சாமியும் போகும், ரஜ்ஜும் போகும்.

கல்யாணம் குறிஞ்சிப்பாடியில் நடந்தது. பந்தியில் மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாயசம் வரும்போது மெதுவாகச் சொன்னார்.

"ஒரு விசயங்க. டைப்ரைட்டிங் வாத்தியாருக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். நீங்க ஒண்ணு குறையுதுன்னீங்கல்ல, அப்ப அந்தப் பொண்ணு தட்டினது என்டரோட அஞ்சு தட்டுங்க. நாலு எழுத்து நம்பரு."

"அதனால?"

"சாமி நம்பரெல்லாம் நூத்தியெட்டோட முடிஞ்சு போச்சுங்க. ஆயிரத்துக்கு மேல இருக்கறதெல்லாம் பொருத்த விதி."

நான் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் செல்வி மாலையும் கழுத்துமாக, டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வந்த ஃபிட்டரோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் பல விஷயங்கள் சேர்ந்தாற்போல் புரிந்தன. கமலாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "உங்களுக்குச் சொன்னா அதுக்கும் ஒரு போற்றி எழுதுவீங்க" என்றாள்.

எந்த வரியை அழித்தாய் என்று செல்வியை நான் கேட்டதில்லை. ஒருவேளை அந்த வரி இருந்திருந்தாலும் மெஷின் உண்டு என்றே சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று கோயிலுக்குப் போனேன். போன இடத்தில், அவனே வேஷம் போட்டு, அண்ணன் உதவியோடு கல்யாணம் செய்துகொண்டவன் என்பது ஞாபகம் வந்தது. தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆயுசு குறை என்று சொல்லப்பட்ட செல்விக்கு இப்போது பேரன் பேத்திகள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை குமரவேலை வேலை வாங்குகிறாள். நானும் ரிடையராகி எத்தனையோ வருஷமாயிற்று. இப்போதும் எதை எழுதினாலும் தலையில் சாமிதான், ஆனால் ஒரே ஒரு 'உ'. மிச்சத்தை வாயால் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காரும் நாட்களில், இலையோ வடையோ நாற்காலியோ, ஏதாவது ஒன்று எப்போதும் கணக்கில் குறையும். உடனே குமரவேல் என் குரலிலேயே, கையில் இல்லாத மாலையை உருட்டிக்கொண்டு, "ஒண்ணு குறையுதே" என்பார். அத்தனை பேரும் செல்வி பக்கம் திரும்புவோம். அவள் யாரையும் பார்க்காமல், "குறையக் கூடாதுண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்து அவர் இலையில் வைப்பாள்.